குதிரை நின்ற இடம்

வீணையிலும் தம்புராவிலும் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு பலகைக்குக் குதிரை என்று நம் முன்னோர் பெயரிட்டனர். கிட்டாரில் அதே வேலையைச் செய்வதைப் பிரிட்ஜ் என்கிறோம். பார்வைக்கு அற்பமான அந்தத் துண்டைப் பற்றி நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. என் அண்ணன் நாற்பது ஆண்டுகள் சுமந்த ஒரு பழி அதன் அடியில் மறைந்து கிடந்தது.

அண்ணன் சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வழியாக இளையராஜா வந்த பின்னர், திரைப்பாடல்களில் அந்த வாத்தியத்திற்குத் தனி மதிப்பு ஏற்பட்டது. தாளத்திற்குத் துணை நிற்பதோடு அமையாமல், பாடுபவருடன் இணையாக நடந்து தனக்கென ஓர் இசையையும் அது பேசத் தொடங்கியது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, கிறிஸ்துமஸ் விழா, கலியாண வீடு என்று அண்ணனுக்கு மேடைகள் காத்திருந்தன.

அவரிடம் இருந்தது யாரோ பயன்படுத்தி விற்ற பழைய கருவி. வயலினைப் போன்ற உடல் உடையது. ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம் 1956இல் கொண்டுவந்த அமைப்பு அது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் அத்தகைய ஒன்றை வாங்கி வாசித்துப் புகழ் பெற்றபின், அதன் நகல்கள் பெருகின. அண்ணனுடையதும் ஒரு நகலே.

இவ்வகைக் கிட்டாரில் பிரிட்ஜ் உடலோடு திருகாணியால் பிணைக்கப்படுவதில்லை. தந்திகள் அடிமுனையில் உள்ள டெயில்பீஸில் மாட்டப்பட்டு, பிரிட்ஜின் மேலேறிக் கழுத்துக்குச் செல்கின்றன. அவற்றின் அழுத்தம் ஒன்றே பிரிட்ஜை நிறுத்தி வைக்கிறது. ஆகவே, விவரம் அறிந்தவர்கள் பழைய தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்றுவர்.

பன்னிரண்டு வயதில் எனக்கு இது தெரியாது. 1984இல், அண்ணன் வெளியூர் சென்றிருந்த ஒரு பிற்பகல். கிட்டாரைத் துடைத்துப் பளபளப்பாக்கி அவரை மகிழ்விக்க எண்ணி, நான்கு தந்திகளையும் தளர்த்தினேன். பிரிட்ஜ் தரையில் விழுந்தது. நடுங்கும் கையால் அதை எடுத்து, கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் வைத்துத் தந்திகளை முறுக்கினேன். அண்ணன் வந்து சுருதி சேர்த்தார். விரல் வைக்காமல் மீட்டியபோது தந்திகள் நன்றாகவே ஒலித்தன. நான் வாய் திறக்கவில்லை.

சில வாரங்களில் மேடையில் குறை தலைகாட்டியது. கழுத்தின் முனைப்பக்கம் வாசிக்கும்வரை சுருதி ஒத்துப்போகும். விரல்கள் உடலை நோக்கி நகர நகர அது கூடிக்கொண்டே போகும். அண்ணன் ஓயாமல் சுருதி சேர்ப்பார். ஓரிடம் சரியானால் மற்றோரிடம் பிசகும். “காது கெட்டுவிட்டது” என்றார்கள். ஒரு விழாவுக்குப் பிறகு அவர் இடத்தில் வேறொருவர் அமர்ந்தார். அண்ணன் கிட்டாரைப் பரண்மேல் வைத்துவிட்டு நாமக்கல்லுக்குச் சென்று, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சேர்ந்தார். குழுவினர் சொன்னதை நாங்கள் நம்பினோம். அவரும் நம்பினார் என்பதே கொடுமை.

சென்ற ஆண்டு என் மகன் ஆசைப்பட்டதால் அதை இறக்கி, சேலத்தில் வாத்தியம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரிட்ஜை மெல்ல நகர்த்தினார். வார்னிஷில் இரண்டு பழைய கால்தடங்கள் அழுந்திக் கிடந்தன. பிரிட்ஜ் நின்றதோ அவற்றிலிருந்து அரை அங்குலம் கழுத்துப் பக்கமாக.

தந்தியின் நீளம் 30 அங்குலம்; அதன் நடுவில் இருப்பது 12ஆம் ஃபிரெட். அங்கே தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் எழும் நாதமும், அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாதல் வேண்டும். அழுத்திய ஒலி கூடுதலானால் பிரிட்ஜைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும், குறைந்தால் முன்னுக்கு. அரை அங்குலப் பிசகினால் 12ஆம் ஃபிரெட்டில் அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 5ஆம் ஃபிரெட்டில் அந்தப் பிழையிலும் மூன்றில் ஒரு பங்கே கேட்கும். அண்ணனின் காது கேட்டது அத்தனையும் உண்மை.

பெயர்பெற்ற கருவிகளுக்கும் இத்தொல்லை உண்டு. 1951இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் இரண்டு தந்திகளுக்கு ஒரே தாங்கிதான்; ஒன்றைச் சரிசெய்தால் இணைத்தந்தி சற்றே பிசகும். 1957இல்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தாங்கி அமைந்தது. பழைய ரிக்கன்பேக்கர் பேஸ்கள் சிலவற்றில், தந்திகளின் இழுவையால் டெயில்பீஸின் பின்முனை உடலைவிட்டு மேலெழும்பிவிடும். நீண்ட கழுத்துடைய பேஸில் நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 70, 80 கிலோ எடைக்குச் சமம் அல்லவா! இவற்றில் எதுவும் வாசிப்பவரின் குற்றமன்று.

அடுத்த ஞாயிறன்று கிட்டாரோடு இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குப் பேருந்து ஏறினேன். அறுபதைக் கடந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கிட்டாரை வாங்கி, காய்ப்பேறிய விரலால் 12ஆம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டினார். தொட்டும் தொடாமலும் மீட்டினார். மறுபடியும் அழுத்தினார்.

“அப்ப என் காது நல்லாத்தான் இருந்திருக்குது, தம்பி” என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் துணிவு எனக்கும் வரவில்லை. பட்டறையில் மரத்துக்குக் குறிபோடும் பென்சிலை எடுத்துவந்து, பிரிட்ஜின் இரு கால்களைச் சுற்றியும் மெல்லிய கோடு இழுத்தார். “பையன் துடைச்சாலும் திருப்பி வைக்க இடம் தெரியணுமில்ல” என்றார்.

யாரேனும் சுருதி பிசகினார் என்று குறைசொல்ல நா எழும்போதெல்லாம் அந்தப் பென்சில் கோடு என் நினைவுக்கு வருகிறது. அவர் பிசகுவதற்கு முன் நான் எதையேனும் நகர்த்திவிட்டு மௌனமாக இருந்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.