சுள்ளி பொறுக்கிய விருந்தினர்

மத்தியதரைக் கடலின் நடுவே உள்ள மால்தா தீவில் செவிலியனாகப் பணிபுரியும் என் மகன், அண்மையில் ஒரு மாலை தொலைபேசியில் பேசினான். "அப்பா, வீட்டுக்கார அம்மா வாரந்தோறும் ரொட்டி கொண்டுவந்து தருகிறார். அதில் தக்காளியைத் தேய்த்து, ஒலிவ எண்ணெய் விட்டு, சூரை மீன் வைத்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. இனி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?" எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. இதே கேள்விக்குத் திருத்தணியில் தவறான விடை சொன்னவன் நான்.

1993-இல் ஆசிரியப் பணிக்காகத் தஞ்சைப் பகுதியிலிருந்து இங்கு வந்தேன். நெற்சோறே உணவு என்று வளர்ந்தவன். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு இணைந்தது. எங்கள் தெருவில் ஒரே பேச்சு தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். நாங்கள் குடிவந்த மூன்றாம் நாள், அடுத்த வீட்டு அம்மா கேழ்வரகுக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் கொண்டுவந்தார். "சாப்பிட்டுப் பாரு நாயனா" என்றார். "எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை அம்மா" என்று புன்னகையோடுதான் திருப்பி அனுப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் எங்கள் வாசற்படி ஏறவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலையின் 365 படிகளை நோக்கிப் பூக்காவடிகள் தெருவெங்கும் நிறைந்து சென்றன. அந்த அம்மா தம் வாசலில் மோர்ப்பானை வைத்து, தமிழர் தெலுங்கர் என்று பாராமல் தாகம் தீர்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு சொல்லும் கேளாமல் என் மனைவி எங்கள் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் அருகில் நின்றாள். மாலையில் அவர் அடுப்படியிலேயே உட்கார்ந்து, நொய்யை வேகவைத்து, மாவைக் கொட்டி, கட்டிபடாமல் மரத் துடுப்பால் களி கிண்டக் கற்றுக்கொண்டாள். இரவு என் தட்டில் அந்தக் களி இருந்தது. மெல்லாமல் கடைசலில் தோய்த்து விழுங்க வேண்டும் என்றாள். என் நாக்கு அதற்குப் பழக இரண்டு வாரம் ஆயிற்று. அந்த அம்மாவின் வாசலுக்குப் போக என் கால்கள் பழகுவதற்கு அதைவிட நெடுநாள் ஆயிற்று.

மகன் இருக்கும் தீவு நமக்குத் திருத்தூதர் பணிகள் நூலின் இறுதி அதிகாரத்தில் அறிமுகமானதே. கப்பல் உடைந்து கரையேறிய புனித பவுலையும் உடன் வந்தோரையும், மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி வரவேற்றார்கள் அவ்வூர் மக்கள். பெரிய திருத்தூதர், நனைந்த ஆடையோடு அந்நியரின் அன்பைப் பெற்றுக்கொண்டார். நான் பலமுறை படித்தும் கவனியாத ஒன்று அங்கே இருக்கிறது. அவர் குளிர்காய்ந்துகொண்டு சும்மா இருக்கவில்லை. சுள்ளிகளைப் பொறுக்கி வந்து அந்த நெருப்பில் இட்டார். பாம்பு அவர் கையைக் கவ்வியது அப்போதுதான். அவர் நோயாளிகளைக் குணமாக்கியது அதற்குப் பின்னரே. பெற்றுக்கொள்வது முதலிலும் கொடுப்பது பிறகும் நிகழ்ந்தன.

அத்தீவும் ஓர் எல்லையூர் போன்றதே. அவர்கள் மொழியின் வேர் அரபு, எழுத்தோ இலத்தீன். கத்தோலிக்கர் மிகுந்த அந்நாட்டில் இறைவனை 'அல்லா' என்றே அழைத்துச் செபிக்கிறார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரி 10 அன்று பவுலடியார் கரைசேர்ந்ததை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். இவற்றையெல்லாம் எனக்குச் சொன்ன மகன், ஒரு துண்டு ரொட்டியின் முன் தயங்கி நின்றான்.

"வாங்கிக்கொள் மகனே. அடுத்த முறை அவர் செய்யும்போது கூடப் போய் நில்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் அழைத்தான். "தக்காளியைத் தேய்ப்பதற்குக்கூட ஒரு பக்குவம் இருக்கிறது அப்பா. நான் அழுத்தித் தேய்த்து ரொட்டியைக் கிழித்துவிட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்."

எங்கள் அடுத்த வீட்டு அம்மா இன்று இல்லை. நான் அவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டதும் இல்லை. அவர் கொடுத்த மரத் துடுப்பு மட்டும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. களி கிண்டும் நாள்களில் அதை என் கையில் வாங்கிக்கொள்கிறேன்.