குவீன்ஸ்வாசி மில்ட் ஹிண்டன்

நியூயார்க்கின் குவீன்ஸுக்குக் குடிவரும் தமிழர் முதலில் தெரிந்துகொள்வது ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலையும் அதன் கேன்டீன் தோசையையும்தான். கோவிலிலிருந்து சற்றே தள்ளி இருக்கும் ஃப்ளஷிங் கல்லறைத் தோட்டத்தில் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் அடக்கமாகியிருப்பது பலருக்கு வெகுநாள் தெரியாது. டியூக் எலிங்டன் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸும் அங்கேதான் இருக்கிறார்.

1930களிலும் 40களிலும் அமெரிக்காவையே ஆடவைத்தது ஜாஸின் ஒரு வடிவமான ஸ்விங் இசை. அதன் பெரும்புள்ளிகள் பலர் குவீன்ஸ்வாசிகள். குழுத்தலைவர் கவுண்ட் பேஸியும் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் செயின்ட் ஆல்பன்ஸ் வட்டாரத்து அடிஸ்லீ பார்க்கில் வீடு வாங்கினார்கள். கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த பகுதி அது. மீறி விற்றவர்மீது அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அந்த வரிகள் செல்லாமல் போயின.

செயின்ட் ஆல்பன்ஸில் வாழ்ந்த இன்னொருவர் மில்ட் ஹிண்டன். 1910இல் மிசிசிப்பியின் விக்ஸ்பர்க்கில் பிறந்தார். தெற்கின் இனக்கொடுமையை விட்டு வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களைப்போல அவர் குடும்பமும் சிகாகோவுக்கு இடம்பெயர்ந்தது. 1936இல் கேப் காலவே குழுவில் டபுள் பாஸ் வாசிக்கச் சேர்ந்தபோது, முந்தின ஆண்டு பரிசாகக் கிடைத்த கேமராவும் கூடவே போனது.

ஸ்விங் காலம் என்றதும் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் வில்லியம் காட்லீப் போன்றவர்கள் எடுத்த மேடைப் படங்கள். கண்மூடித் தலையுயர்த்திப் பாடும் பில்லி ஹாலிடே அவருடைய 1947ஆம் ஆண்டுப் படம். ஹிண்டன் எடுத்தவை வேறு. ரயிலில் வாய்பிளந்து தூங்கும் கலைஞர்கள், ஒப்பனை அறைச் சிரிப்புகள், தெற்கில் கறுப்பினத்தவருக்குத் தனிவழி காட்டும் பலகைகள். பலகையின் கீழேயே நண்பர்களை நிற்கவைத்து எடுத்தார். முந்தின இரவில் வெள்ளையர் கைதட்டி ரசித்த கலைஞர்கள்தாம் அவர்கள். ஹிண்டன் சேர்த்துவைத்த படங்கள் சுமார் 60,000.

1958 ஆகஸ்டில் எஸ்குவயர் இதழுக்காக ஹார்லெமின் 126ஆம் தெருவில் 57 கலைஞர்களை ஒரே சட்டகத்தில் அடக்கினார் புகைப்படக் கலைஞர் ஆர்ட் கேன். பேஸி அக்கம்பக்கத்துச் சிறுவர்களோடு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் ஹிண்டனும் உண்டு. அவர் கொண்டுவந்திருந்த 8 மி.மீ. கேமராவை மனைவி மோனா இயக்கினார். ஜீன் பாக் 1994இல் எடுத்த ஆவணப்படத்தில் அந்தச் சுருளைப் பார்க்கலாம்.

இந்தக் கலைஞர்களின் குவீன்ஸுக்குப் பின்னாளில் தமிழரும் வந்தார்கள். அமெரிக்கா ஆசியருக்குக் கதவை அகலத் திறந்தது 1965இன் குடியேற்றச் சட்டத்தில். அதன்பின் வந்த தமிழர் குவீன்ஸில் வீடு தேடியபோது, பத்திரத்தில் நிறத்தைத் தடுக்கும் வரிக்கு உயிரில்லை. அதற்காக நீதிமன்றப் படியேறியவர்கள் கறுப்பின மக்கள்.

2011இல் அடிஸ்லீ பார்க்கை வரலாற்றுச் சிறப்புப் பகுதியாக நியூயார்க் நகரம் அறிவித்தது. குவீன்ஸில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் ஒருநாள் அந்தத் தெருக்களில் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.