வாப்பாவின் டம் டம் தட்டுகள்



போன கிழமை வாப்பாவின் ரெக்கோட் பெட்டியின் படமொன்றைச் சும்மா போட்டோம். அதற்கு இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. "சேர், இதெல்லாம் எங்க கிடைச்ச?", "விலைக்கு இரிக்கா?", "ஹாஜியார் வீட்டுல எல்விஸ் பிரெஸ்லியா?" கடைசிக் கேள்வியைக் கேட்டவர் பழைய மாணவர், அவருக்குப் புள்ளி குறைக்க இப்போது வழியில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரமுமில்லை. ஆகவே காக்காவும் தம்பியுமாக இருந்து இதை எழுதுகிறோம். எழுத்து தம்பியுடையது. ஞாபகம் பெரும்பாலும் காக்காவுடையது. நீண்ட பதிவுதான், பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள்.

வாப்பாவுக்குப் பதினெட்டு வயதில் டொக்யார்டில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்தது. அப்போது திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. நாடு 1948இலேயே சுதந்திரம் வாங்கிவிட்டது, ஆனால் எங்கள் துறைமுகத்துக்கு அது வந்து சேர இன்னும் ஒன்பது வருடம் எடுத்தது. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதிதான் கடற்படைத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள்.

இந்தத் திகதியை நாங்கள் எப்போதும் இன்னொரு கணக்கோடு சேர்த்துத்தான் பார்ப்போம். பில் ஹேலியின் 'ரொக் அரவுண்ட் த குளொக்' 1954 ஏப்ரலில் ஒலிப்பதிவானது. உலகமே அதைப் பாடத் தொடங்கியது 1955இல். எல்விஸின் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' 1956இல் வந்தது. அப்படியென்றால் ரொக் அண்ட் ரோல் என்ற சங்கதியும் வெள்ளைக்காரக் கடற்படையும் திருகோணமலையில் ஒன்றாக இருந்தது இரண்டே இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்துக்குள் வாப்பாவுக்குப் பத்தொன்பது வயது வந்தது. ஒரு வருடம் முந்திப் பிறந்திருந்தாலும் பிந்திப் பிறந்திருந்தாலும் எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இருந்திருக்காது என்று காக்கா சொல்வார். இது கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான், இருந்தாலும் எங்களுக்குப் பிடிக்கும்.

கப்பல்காரப் பொடியன்கள் லண்டனிலிருந்து தட்டுகள் கொண்டுவருவார்கள். கீறல் விழுந்ததை, கேட்டு அலுத்ததை ஸ்டோர்ஸில் வேலை செய்கிற நம்மவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். தளத்தை மூடுகிற நேரம் மெஸ் சாமான்கள் ஏலத்தில் போனபோது சாவி கொடுக்கிற கிராமபோன் ஒன்றை வாப்பா எடுத்தார். அதே மாதம் அவருடைய வேலையும் போனது. கையிலிருந்த கடைசிச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து ஒரு பாட்டுப் பெட்டியை வாங்கிவந்த கதையை உம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. உம்மா அப்போது கலியாணம் முடித்து வரவேயில்லை. ஆனாலும் நேரில் பார்த்ததுபோலத்தான் சொல்லுவா.

பிறகு வாப்பா பெரியகடையில் ஒரு புடவைக் கடையில் நின்றார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரக்கெடுக்க இரவு மெயிலில் கொழும்புக்குப் போவார். திரும்பி வரும்போது துணி மூட்டைக்குள் ஒரு தட்டு இருக்கும். இந்தத் தட்டுகள்தான் நாங்கள் சொல்லவந்த விசயம்.

கப்பல்காரர் தந்த தட்டுகளின் லேபலில் 'இங்கிலாந்தில் செய்தது' என்று இருக்கும். வாப்பா பிறகு வாங்கியவற்றில் 'இந்தியாவில் செய்தது, டம் டம்' என்று இருக்கும். சின்ன வயதில் எங்களுக்கு அந்தப் பெயரே ஒரு பாட்டு. டம் டம் என்றால் மேளச் சத்தம் என்றே நினைத்திருந்தோம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊர் அது என்று தெரிந்தது வெகுகாலத்துக்குப் பிறகு. கிராமபோன் கம்பனி 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை தொடங்கி, 1928இல் டம் டம்முக்கு மாறியது. இங்கிலாந்திலிருந்து உலோக அச்சு கப்பலில் வரும். அதை வைத்து இங்கே தட்டு அழுத்துவார்கள். ஆகவே பாட்டு அதேதான், பாடியவரும் அவரேதான். லேபல், உறை, தட்டின் சரக்கு மட்டும் வேறு. தட்டின் நடுவில், பாட்டு முடிந்து ஊசி சுற்றுகிற வெறும் இடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சின்னதாக எண்கள் தெரியும். எந்த அச்சிலிருந்து வந்தது என்பதற்கு அதுதான் அடையாள அட்டை. சேகரிப்பவர்கள் பாட்டைக் கேட்பதற்கு முதல் இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். நாங்களும் இப்போது அப்படித்தான். கெட்ட பழக்கம்.

இன்னொரு வித்தியாசம் இருக்கிறது, அதுதான் பெரியது. நிமிடத்துக்கு 78 தரம் சுற்றுகிற, கீழே விழுந்தால் பீங்கான் கோப்பைபோல உடைகிற தட்டுகளை இங்கிலாந்தில் 1960 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். அங்கே எல்லாம் வினைல், 45 சுற்று. ஆனால் இந்தியாவில் கரன்ட் இல்லாத ஊர்கள் எத்தனை! சாவி கொடுக்கிற கிராமபோன்தான் பல வீட்டில். அதில் 45 ஓடாது. ஆகவே டம் டம் தொழிற்சாலை 78ஐத் தொடர்ந்து அடித்தது. அதன் பலன், 1960களில் வந்த பீட்டில்ஸ் பாடல்கள் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டாகவும் வெளியாகின. பாட்டன் காலத்துத் தட்டில் பேரன் காலத்துப் பாட்டு! லிவர்பூலிலேயே அவர்களுடைய பாட்டை அப்படி வாங்க முடியாது. இன்றைக்கு உலகம் முழுக்கச் சேகரிப்பவர்கள் அதற்குத்தான் அலைகிறார்கள்.

வாப்பாவிடம் அதில் ஒன்று இருந்தது.

இருந்தது என்று எழுதுவதற்குக் காரணமிருக்கிறது. 1990 கலவரத்தில் ஜமாலியாவில் எங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது வாப்பா பெட்டியைக் கிண்ணியாவில் சாச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். அப்போது பாலம் இல்லை, பாதையில்தான் கடக்க வேண்டும். (வெளியூர் நண்பர்களுக்கு: இங்கே பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடத்துகிற மிதவை. பாலம் 2009இல்தான் வந்தது.) பாதையில் சனம் அரிசி மூட்டையோடு நிற்க, வாப்பா மடியில் ரெக்கோட் பெட்டியோடு இருந்தார். யாரோ "காசா ஹாஜியார்?" என்று கேட்டார்களாம். அப்போது அவர் ஹாஜியாரும் இல்லை. ஹஜ்ஜுக்குப் போனது அதற்குச் சில வருடம் கழித்து. போய்வந்த பிறகு அவர் பாட்டுப் போடவில்லை. யாரும் சொல்லி விட்டதில்லை, தானாகவே விட்டார். பெட்டி சாச்சி வீட்டிலேயே இருந்தது. எறியவும் சொல்லவில்லை, எடுத்துவரவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26. கிண்ணியாவுக்கு என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சாச்சி வீட்டில் எல்லாரும் தப்பினார்கள். பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் வேலி ஓரத்தில் சேற்றுக்குள் பெட்டியைக் கண்டோம். அதை எடுக்கவே வெட்கமாக இருந்தது. ஒரு சாக்குப் பையில் கட்டி வீட்டுக்குப் பின்னால் வைத்தோம். ஆறேழு மாதம் ஒருவரும் அதைத் தொடவில்லை.

பிறகு ஒரு விடுமுறையில் அவிழ்த்துப் பார்த்தோம். உறையெல்லாம் கூழ். சில லேபல் கையோடு வந்தது. ஆனால் வினைல் தட்டுகள் கழுவக் கழுவப் புதுசு மாதிரி வந்தன. 78களில் நாலைந்து உடைந்திருந்தன, மிச்சம் முழுசு. அந்தப் பீட்டில்ஸ் தட்டும் முழுசாக, லேபலோடு இருந்தது. பாட்டின் பெயரைக் கேட்காதீர்கள், சொன்னால் திரும்பவும் நெஞ்சு நோகும். கடல் கொண்டுபோன தட்டைக் கடலே திருப்பித் தந்துவிட்டது என்று காக்கா சொன்னார்.

உப்பும் பூஞ்சணமும் போக வேண்டுமே. எங்கேயோ ஒரு குறிப்பு வாசித்தோம்: ரெக்கோட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் பளிச்சென்று வரும். வினைலுக்குச் சொன்ன குறிப்பு அது. பாமசியில் ஒரு போத்தல் வாங்கிவந்து, பஞ்சில் நனைத்து, எல்லாவற்றிலும் பெறுமதியானது என்று முதலில் அந்தப் பீட்டில்ஸ் தட்டைத்தான் எடுத்தோம். இரண்டு சுற்றுத் துடைத்திருப்போம். பஞ்சு கறுத்தது. ஊத்தை போகிறது என்று சந்தோசப்பட்டு இன்னும் அழுத்தினோம். தட்டு பிசுபிசுத்தது. காய்ந்த பிறகு பார்த்தால் மினுக்கம் போய்க் கரும்பலகை மாதிரி இருந்தது. ஊசியை வைத்தோம். மழைச் சத்தம்போல ஒரு இரைச்சல், அதற்குள்ளே எங்கேயோ தூரத்தில் யாரோ கத்துவது மாதிரி. அவ்வளவுதான்.

அடுத்த நாள் கதவு திருத்த வந்த தச்சு வேலைக்காரர், எங்கள் மாணவர் ஒருவரின் வாப்பா, தட்டைக் கையில் எடுத்து மணந்து பார்த்தார். "இது அரக்குத்தானே சேர்? நாங்க கதிரைக்குப் பொலிஷ் போடக்குள்ள இத ஸ்பிரிட்டுலதான் கரைக்கிற."

பழைய 78 தட்டு அரக்கில் செய்தது. மரத்தில் பூச்சி கக்குகிற அரக்கு, அதோடு கல்மாவு, கரி. உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் தாக்குப் பிடிக்கும், மதுசாரம் பட்டால் கரையும். தரம் 10 பிள்ளைகளுக்குக் கரைப்பான், கரையம் என்று வருடாவருடம் படிப்பிக்கிற ஆசிரியர் இந்த வீட்டில் இருக்கிறார். சுனாமி செய்யாததை அவர் ஒரு போத்தல் ஸ்பிரிட்டில் செய்து முடித்தார்.

வாப்பாவிடம் மறைக்கத்தான் பார்த்தோம். முடியவில்லை. அவர் தட்டை வாங்கி யன்னலடியில் சாய்த்துப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஏசவில்லை. "அந்தப் பாட்டு எனக்குத் தெரியும்தானே மகன்" என்று சொல்லித் திருப்பித் தந்தார். அஸருக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனார். 2011இல் அவர் மௌத்தாகும்வரை அதைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

விலைக்கு இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கு: விற்றிருக்கிறோம். உம்மாவின் கண் ஒபரேசனுக்கு மூன்று தட்டு போனது. மூன்றும் கப்பல்காரர் தந்த ஆங்கிலத் தட்டுகள். எல்விஸின் பாடல்கள் பிரித்தானியாவில் 1956, 57இல் எச்.எம்.வி. பெயரில் வந்தன, பிறகு ஆர்.சி.ஏ.க்கு மாறிவிட்டன. அந்த முதல் காலத்துத் தட்டுக்கு நல்ல கேள்வி. உம்மாவுக்குப் பார்வை வந்தது, எங்களுக்குக் கவலையில்லை. வாங்கிய வெளிநாட்டுக்காரர் கரைந்துபோன டம் டம் தட்டின் படத்தையும் பார்த்துவிட்டு, பாடாவிட்டாலும் பரவாயில்லை, லேபலுக்காகவே எடுக்கிறேன் என்று ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் சொன்னார். பாடாத தட்டுக்கு இந்த விலையா என்று நாங்கள் சிரித்தோம். ஆனால் கொடுக்கவில்லை. அது இப்போதும் அலுமாரியில் இருக்கிறது.

பீட்டில்ஸைத் தேட உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் தேடுவது வேறு. துறைமுகத்தில் வந்திறங்கிய கிற்றார் இசை இந்த ஊரிலேயே தமிழாகியும் இருக்கிறது. திருகோணமலைச் சகோதரர்கள் பரமேஸ் - கோணேஸின் 'உனக்குத் தெரியுமா' இசைத்தட்டை இலங்கையில் வந்த முதல் தமிழ் மெல்லிசைத் தட்டு என்றே பலரும் சொல்கிறார்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் இன்றும் கலியாண வீட்டில் ஒலிக்கிறது, அவற்றைத் தெரியாதவர் இல்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரரின் தட்டை எங்கள் ஊரில் தேடினால் கிடைப்பதில்லை. பாலையூற்றில் பறங்கியர் வீடுகளில் கேட்டோம், மூதூரில் கேட்டோம். "இருந்திச்சு, 2006இல் கந்தளாய்க்கு ஓடக்குள்ள விட்டுட்டுப் போன" என்றார் ஒருவர். இன்னொரு வீட்டில் உறை மட்டும் இருந்தது, உள்ளே வேறு தட்டு. ஒரு வீட்டில் பழைய ரெக்கோட்டுகளை வெந்நீரில் போட்டு வளைத்துப் பூச்சட்டி செய்து வைத்திருந்தார்கள். வளைந்த லேபலை ஒவ்வொன்றாகக் குனிந்து வாசித்தோம். நல்லவேளை, அது இல்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில், அலுமாரிக்கு மேலே, மூத்தம்மாவின் பெட்டிக்கு அடியில் ஒருமுறை பாருங்கள். இருந்தால் உட்பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். விலைபேச வரவில்லை. பிளேயரை நாங்களே தூக்கிக்கொண்டு வருகிறோம், உங்கள் வீட்டிலேயே வைத்து ஒருதரம் கேட்டுவிட்டு, லேபலைப் படமெடுத்துக்கொண்டு போகிறோம். தேத்தண்ணீர் தந்தால் குடிப்போம்.

தூசி இருந்தால் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், லேபலில் ஈரம் படாமல் துடையுங்கள். ஸ்பிரிட் போத்தலைத் தயவுசெய்து தொடாதீர்கள்.