எண்ணிக்கையும் பெயரும்

நடப்பது எவர்க்கும் இயல்பாக வருவது. சேர்ந்து நடப்பது கற்றுக்கொள்ள வேண்டியது. அதனை நாங்கள் கற்றுக்கொள்ள ஆறு ஆண்டுகள் ஆயின. ஒரு நல்ல மனிதரை மலையில் விட்டுவிட்டு இறங்கிய ஒரு பிற்பகலும் தேவைப்பட்டது.

2011ஆம் ஆண்டு மதுரையில் எங்கள் நடைக்குழு தொடங்கியது. தலைவர், செயலர், சந்தா என்று அதில் எதுவும் இல்லை. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை விடியற்காலையில் ஓரிடத்தில் கூடுவோம். மலைமீதோ கண்மாய்க் கரையிலோ நடப்போம். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவோம். வங்கி எழுத்தர், ஆசிரியத் தம்பதியர், செவிலியராகப் பணியாற்றும் அக்கா, இருசக்கர வாகனங்களைப் பழுது பார்க்கும் தம்பி, கல்லூரி மாணவர் மூவர், இன்னும் சிலர் என்று பதினைந்து இருபது பேர் சேர்ந்திருந்தோம். எங்களுள் மூத்தவர் ஓய்வு பெற்ற அஞ்சல்காரர். முப்பத்து நான்கு ஆண்டுகள் மிதிவண்டியில் வீடு வீடாகக் கடிதம் கொண்டு சென்றவர். அவரைத் 'தபால் ஐயா' என்றே அழைத்து வந்தோம். அன்போடு வைத்த பெயர்தான். ஆனால் அந்த அன்பிலும் ஒரு சோம்பல் ஒளிந்திருந்ததைப் பின்னர் அறிந்தோம்.

மதுரையைச் சுற்றி நடப்பதற்கு இடத்துக்குக் குறைவில்லை. கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் கடந்து சமணர் மலையில் ஏறினால், பேச்சிப்பள்ளத்துப் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள் அமைதியாக வீற்றிருக்கும். அரிட்டாபட்டிக் குன்றுகளில் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரையும் உண்டு. 2022ஆம் ஆண்டு பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்த ஊர் அது. இவ்விடங்களில் எல்லாம் நடந்து பழகிய எங்களுக்கு மெல்ல மெல்ல ஒரு துணிவு வந்தது. பெரிய மலை ஒன்றில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டோம்.

2017ஆம் ஆண்டு சனவரியில் கோடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குவது என்று முடிவாயிற்று. ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். மலைச்சாலை அமைவதற்கு முன் கோடைக்கானலுக்குச் சென்றவர்கள் பெரியகுளம் பக்கத்துப் பாதைகளில்தான் நடந்தும், குதிரைமீது அமர்ந்தும், டோலியில் சுமக்கப்பட்டும் ஏறினார்கள். அந்தப் பழைய உலகின் மிச்சம் போன்ற ஊர் வெள்ளகவி. நாங்கள் சென்ற நாளில் அவ்வூருக்கு மோட்டார் சாலை இல்லை. அரிசி மூட்டையும் நோயாளியும் தோள்மீதுதான் ஊர் சேர வேண்டும். ஊருக்குள் எவரும் காலணி அணிவதில்லை என்பது அங்குள்ள வழக்கம்.

நாங்கள் பதினாறு பேர். வெள்ளகவியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். புறப்பட்ட இடத்தில் எண்ணினோம்: பதினாறு. டால்பின் மூக்குப் பாறையில் எண்ணினோம்: பதினாறு. நண்பகல் கடந்து வெள்ளகவியின் எல்லையை அடைந்ததும் எல்லாரும் காலணிகளைக் கழற்றிக் கையில் ஏந்திக்கொண்டு ஊரைக் கடந்தோம். மறு எல்லையில் மீண்டும் அணிந்துகொண்டு காப்பித் தோட்டங்களின் ஊடே இறங்கலானோம்.

அணிந்துகொள்வது இளைஞர்க்கு ஒரு நிமிட வேலை. முழங்கால் மடங்காத ஒருவர்க்கு அவ்வாறில்லை. தபால் ஐயா ஒரு கல்மீது அமர்ந்து ஷூவின் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தார். அருகில் நின்ற மாணவனிடம், "நீங்க நடங்க தம்பி, நான் வந்துடுறேன்" என்று அவரே சொன்னார். அவனும் நடந்தான். நாங்களும் நடந்தோம்.

சற்றுத் தொலைவில் ஓர் ஓடைக்கரையில் இளைப்பாறியபோது எண்ணிப் பார்த்தோம். பதினாறு. மனநிறைவோடு எழுந்து நடந்தோம். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் எண்ணியபோது பதினைந்து ஆயிற்று. மீண்டும் எண்ணினோம், பதினைந்துதான். வழிகாட்டிப் பெரியவர்தாம் காரணத்தைக் கண்டறிந்தார். பெரியகுளத்துக்குச் சாக்குமூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்த வெள்ளகவி இளைஞர் ஒருவர் ஓடைக்கரையில் எங்களோடு அமர்ந்து தண்ணீர் குடித்திருக்கிறார். அவரையும் சேர்த்து எண்ணியிருக்கிறோம். பிறகு அவர் குறுக்குப் பாதையில் முன்னே போய்விட்டார்.

எண்ணிக்கை சரியாக இருந்தது, மனிதர்தாம் மாறியிருந்தார்.

அதைவிட நாணத்தக்கது இனிமேல்தான் வருகிறது. இல்லாதவர் யார் என்று சொல்வதற்கு எங்களுக்குச் சில நிமிடங்கள் பிடித்தன. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "தபால் ஐயா எங்கே?" என்று செவிலியர் அக்கா கேட்டபோதுதான் எல்லார் நெஞ்சமும் திடுக்கிட்டது. உடனே மேல்நோக்கிக் கூவத் தொடங்கினோம். "அவரு பேரு என்ன? பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. காட்டுக்குள்ள ஐயா, ஐயான்னா யாருன்னு திரும்புவாரு?" என்றார் வழிகாட்டி. எங்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை. ஆறு ஆண்டுகள் உடன் நடந்திருக்கிறோம். அவர் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சோற்றை உண்டிருக்கிறோம். அவர் பெயரைக் கேட்டதில்லை.

அந்த மலையில் காட்டெருமை உண்டு, கரடி உண்டு. அங்கே கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. சனவரி மாதத்து மாலை விரைந்து இருட்டிவிடும். வழிகாட்டியோடு இருவர் மேலே ஏற, மற்றவர்கள் அங்கேயே காத்திருந்தோம். காத்திருந்த நேரத்தில் எவரும் எவரையும் குறை கூறவில்லை. குறை எல்லார்மீதும் இருந்தமையால் கூறுவதற்கு எவர்க்கும் வாய் எழவில்லை என்பதே உண்மை.

அவரை ஊரின் கடைசி வீட்டுத் திண்ணையில் கண்டார்கள். பாதை பிரியுமிடத்தில் தவறான கிளையில் இறங்கி, காப்பித் தோட்டம் ஒன்றில் வழி முடிந்துபோகவே, அவர் மேற்கொண்டு அலையாமல் திரும்பி ஏறியிருக்கிறார். அவ்வீட்டு அம்மா கொடுத்த கடுங்காப்பியை அருந்திக்கொண்டிருந்தாராம். "முகவரி தப்பினா கடிதம் புறப்பட்ட இடத்துக்குத்தானே திரும்பணும்" என்று சிரித்திருக்கிறார். எங்களிடம் வந்து சேர்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் இல்லேன்னு எப்போ தெரிஞ்சுது?" எவரும் விடை கூறவில்லை. அவரும் மறுமுறை கேட்கவில்லை. கைவிளக்குகளின் ஒளியில் கும்பக்கரையை அடைந்தபோது இரவு எட்டு மணி.

அடுத்த மாதம் அவர் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். எண்ணத் தொடங்கிய வங்கி எழுத்தரை மெல்லக் கையமர்த்திவிட்டுச் சொன்னார்: "தபாலாபீஸ்ல கட்டை எண்ணித்தான் கட்டுவோம். ஆனா வாசல்ல நின்னு குடுக்கும்போது பேரைப் பாத்துத்தான் குடுப்போம். எண்ணிக் குடுத்தா யாரோட கடிதம் யாருக்கோ போயிடும்." அன்றுமுதல் நாங்கள் எண்ணுவதில்லை. பெயர் சொல்லி அழைக்கிறோம். ஒவ்வொருவரும் தம் பெயருக்கு மறுமொழி கூறிய பின்னரே நடை தொடங்கும்.

மறு ஆண்டு, 2018 மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு, மலையேறச் சென்றிருந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதலில் எண்ணிக்கையாக வந்த செய்தி, பிறகு ஒவ்வொரு பெயராக வந்தது. பெயராக வந்தபோதுதான் அதைத் தாங்க இயலவில்லை. முந்திய ஆண்டு அனுமதிச் சீட்டு, வானிலை, காட்டின் காய்ச்சல் எதைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்படாமல் மலையில் இறங்கியவர்கள் நாங்கள். பிழைத்து வந்தது எங்கள் திறமையால் அன்று என்பதை அந்த வாரத்தில் உணர்ந்தோம். அதன்பின் மலையேற்றத்திற்கு அரசு விதிமுறைகளை வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 40 வழித்தடங்களை வரையறுத்து, முன்பதிவும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளும் கொண்ட ஏற்பாடு ஒன்றையும் தொடங்கியது. அனுமதி பெறாமல் இப்போது நாங்கள் எந்தக் காட்டிலும் கால் வைப்பதில்லை.

முழங்கால் வலி மிகுந்து ஐயாவால் மலையேற இயலாமற்போகவே, அவரையும் அழைத்துச் செல்லத்தக்க இடம் எது என்று தேடினோம். மலையை விட்டுத் தண்ணீருக்குப் போனது அப்படித்தான். 2022 டிசம்பரில், ஒரு நாள் பயணம் என்னும் எங்கள் வழக்கத்தைச் சற்றே தளர்த்தி, இரவு ரயிலில் செங்கோட்டை வழியாகக் கொல்லம் சென்றோம். அங்கே கல்லடை ஆறு அஷ்டமுடி ஏரியில் கலக்குமிடத்தில் மன்றோ தீவு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரைத் தாங்கியது. தென்னை நிழலில் குறுகிய கால்வாய்கள் பின்னிக் கிடக்கும் ஊர். அக்கால்வாய்களில் கயாக் என்னும் சிறுபடகில் செல்லலாம். ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் சீல் என்னும் கடல் விலங்கின் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்திச் செய்துகொண்ட வேட்டைப் படகு அது. இன்று நெகிழியில் வார்க்கப்பட்டு நம் ஊர்த் தென்னந்தோப்புகளுக்கிடையே மிதக்கிறது.

எல்லாரும் லைஃப் ஜாக்கெட் அணிந்துகொண்டு இருவர் இருவராக அமர்ந்தோம். செவிலியர் அக்கா முன்னே, ஐயா பின்னே. இரு முனையிலும் தட்டையாக விரிந்த துடுப்பை இடமும் வலமுமாக மாறி மாறிப் போட வேண்டும். அவர்கள் படகோ நேரே செல்லாமல் இக்கரைக்கும் அக்கரைக்கும் முட்டிக்கொண்டிருந்தது. துடுப்பும் துடுப்பும் மோதிக்கொண்டன. உடன் வந்த உள்ளூர் இளைஞர் தமக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார்: முன்னால் இருப்பவர் ஒரே சீராகத் துடுப்புப் போட வேண்டும், பின்னால் இருப்பவர் அவர் தோளைப் பார்த்து அதனோடு இயைந்து போட வேண்டும். முன்னால் இருப்பவரால் பின்னால் இருப்பவரைப் பார்க்க முடியாது என்பதே காரணம்.

அதைக் கேட்டதும் ஐயா, "எனக்கு இங்கிருந்து எல்லாரும் தெரியறீங்க. உங்களுக்குத்தான் என்னைத் தெரியாது" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆயினும் ஐந்தாண்டுகளுக்கு முந்திய அந்தப் பிற்பகல் எங்கள் எல்லார் நினைவிலும் வந்து நின்றது. அக்கா திரும்பாமலே அவர் பெயரைச் சொல்லி அழைத்தார். "இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதன்பின் சிறிது நேரத்திற்கு ஒருமுறை அவர் அழைப்பதும் இவர் மறுமொழி தருவதுமாக, அந்தப் படகு நேரே செல்லத் தொடங்கியது. தாழ்ந்த பாலங்கள் வந்தபோது முன்னவர் குரல் கொடுக்கப் பின்னவர் தலை குனிந்தார்.

அந்தத் தீவின் துயரத்தையும் அன்று கண்டோம். கடல் ஓதம் ஏறும் நாள்களில் உப்புநீர் வீடுகளுக்குள் புகுந்துவிடுகிறது, சுவர்கள் அரித்துப்போகின்றன. தென்மலையில் அணை கட்டியபின் ஆறு கொண்டுவந்த வண்டல் குறைந்துபோனதும் ஒரு காரணம் என்கிறார்கள். பல குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டன. கூரை சரிந்த வீடுகளைக் கடக்கும்போது அந்த இளைஞர், இத்தனை வீடுகள் காலியாகிவிட்டன என்று எண்ணிச் சொல்லவில்லை. இது இன்னார் வீடு, அது இன்னார் வீடு என்று ஒவ்வொன்றையும் பெயரால் சொல்லிக்கொண்டு வந்தார். ஐயா துடுப்பை நிறுத்திவிட்டு அந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

2023ஆம் ஆண்டிலிருந்து அவர் எங்களோடு வருவதில்லை. வீட்டு வாசல்வரை நடப்பதே அரிதாகிவிட்டது. ஆனால் அவர் பெயரை நாங்கள் நீக்கவில்லை. இரண்டாம் சனிக்கிழமை காலையில் வழக்கம்போல் அழைக்கிறோம். அவருக்காக எவரேனும் ஒருவர் மறுமொழி கூறுவார்: "வீட்டில் இருக்கிறார், புதன்கிழமை பார்த்தேன்" என்றோ, "மருந்து மாற்றியிருக்கிறார்கள், பரவாயில்லை" என்றோ. யாரும் வகுக்காத விதி இது. மறுமொழி கூற வேண்டுமானால் அந்த மாதத்தில் யாரேனும் அவரைச் சென்று கண்டிருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் அவர் பெயர் அழைக்கப்பட்டபோது மறுமொழி எழவில்லை. தேர்வு, திருமணம், பணிச்சுமை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. மற்றவர் போயிருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். வெள்ளகவிக்குக் கீழே நின்றது போலவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று மலையில் ஏறவில்லை. பேருந்து பிடித்து நகருக்குத் திரும்பினோம்.

தெருவில் நாங்கள் கூட்டமாக வருவதைக் கண்டதும், வாசல் நாற்காலியிலிருந்தே அவர் உரக்கக் கேட்டார்: "என்ன, இன்னைக்கு ஒரு ஆளு குறையுதா?"

"ஆமாம் ஐயா" என்றோம். பிறகு அக்கா அவர் பெயரைச் சொல்லி அழைத்தார்.

"இருக்கேன்" என்றார் அவர்.