ஒரு டை, எத்தனை பீஸ்?



நாம் படிக்கும் வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் சிலவற்றின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இந்தியா, நேபாளம், இலங்கை போன்ற நாடுகளில் மட்டுமே விற்கலாம் என்று அச்சிட்டிருக்கும். அதே புத்தகம் அமெரிக்காவில் பல மடங்கு விலை. நம்மீது கருணை வைத்து விலையைக் குறைக்கவில்லை. அந்த விலை சொன்னால் இங்கே வாங்க ஆள் இல்லை. குறைத்தாலோ நம் மாணவர் கூட்டத்துக்குக் கட்டுப்படியாகும்.

தாய்லாந்திலிருந்து அமெரிக்கா போய்ப் படித்த சுபாப் கிர்ட்செங் என்ற மாணவர், தன் நாட்டில் மலிவாகக் கிடைத்த பாடப்புத்தகங்களை வரவழைத்து அங்கே விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மின்னூலில் இந்த வழி கிடையாது. அதில் நாம் வாங்குவது படிக்கும் அனுமதி மட்டும்; கைமாற்றி விற்க முடியாது. நம் கணக்கு எந்த நாட்டிலோ அந்த நாட்டு விலைதான், அந்த நாட்டுக்கு உரிமை உள்ள புத்தகங்கள்தான்.

"போன்ல படிக்கக் காகிதமே வேணாமே, அப்புறம் எதுக்குடா காசு?" என்று என் அம்மா கேட்டார். அம்மா அஞ்சாவதோடு நின்றவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஓட்டுகிறார். அதனால் இப்படிச் சொன்னேன்: "ஒரு டை செய்ய 50,000 ரூபாய்னு வச்சுக்கம்மா. 100 பீஸ் அடிச்சா பீஸுக்கு 500 ரூபாய் ஏறும். 10,000 பீஸ் அடிச்சா 5 ரூபாய்தான். எழுதுறது, படம் வரையறது, பிழை திருத்துறது எல்லாம் டை மாதிரி. காகிதம் தகடு மாதிரி. மின்னூல்ல தகடு இல்ல, டை இருக்கு."

அம்மா கேட்டார்: "அப்போ தமிழ்ல 100 பீஸ்தான் ஓடுமா?"

அதுதான் கேள்வி. கிண்டிலில் தமிழ் வந்ததே 2016 டிசம்பரில்தான். பிறகு கதைகளும் நாவல்களும் நிறைய வந்தன. லேத், வெல்டிங், ஹைட்ராலிக்ஸ் என்று நான் தேடியபோது விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தது. வாசகர் இல்லை என்று புத்தகம் போடுவதில்லை. புத்தகம் இல்லை என்று வாசகர் சேருவதில்லை.

காத்திராமல் செய்தவர்களும் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். டைக்கு ஆகும் செலவை உழைப்பாலேயே கொடுத்துவிட்டார்கள்.

நாமும் ஆளுக்கு ஒரு பாடத்தை எளிய தமிழில், படத்தோடு எழுதினால் என்ன? அயனம்பாக்கத்திலிருந்து எஸ்டேட்டுக்கு ஷிப்ட் போகும் ஆபரேட்டர்களே முதல் வாசகர்கள். லேத் பாடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் என்னிடம் பெயர் கொடுங்கள்.