மவுண்ட் ரோடு, தியேட்டர் தியேட்டராக

தீவுத்திடல் மன்றோ சிலையிலிருந்து தெற்கே கிளம்பினால் கூவம், சிம்சன், அடுத்து வாலாஜா சாலை முனையில் அண்ணா சிலை. அந்த முனையில் திரும்பினால் கலைவாணர் அரங்கம். 1952-ல் சட்டசபை கூடிய இடம், பிறகு பாலர் அரங்கமாகி, என்.எஸ்.கே. பெயரைப் பெற்றது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டிய புது அரங்கத்தில்தான் கொரோனா காலத்தில் மறுபடியும் சட்டசபை கூடியது.

சாலைக்குத் திரும்பி நடந்தால் சாந்தி இருந்த இடம். 1961-ல் காமராஜர் திறந்துவைத்தது. சிவாஜி படம் வெளியாகும் நாளில் வாசலில் கட்அவுட்டும் மாலையும் தோரணமுமாகத் திருவிழாதான். இப்போது இல்லை. பக்கத்து பிளாக்கர்ஸ் சாலையில் 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டியும் இல்லை. போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். குரோனோமெகாஃபோன் கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டி, கடைசியில் சென்னையில் சொந்தத் தியேட்டர் எழுப்பினார். இந்தியர் ஒருவர் இந்த நகரில் கட்டிய முதல் சினிமா கொட்டகை அது. அந்த இடத்தில் அவர் பெயரைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று நிச்சயம் வேண்டும்.

தேவி இன்னும் ஓடுகிறது. 1970-ல் திறந்த வளாகம்; தேவி, பாரடைஸ், பாலா, கலா என்று நான்கு திரைகள். பாரடைஸுக்குப் படியேற வேண்டாம், சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றி நடந்தே மேலே போய்விடலாம். படம் விட்டதும் அந்தச் சரிவில் கூட்டம் மொத்தமாக இறங்கும்போது முன்பின் தெரியாதவர்கள் கிளைமாக்ஸைப் பற்றி வாதாடிக்கொண்டே வருவார்கள். தியேட்டர் என்பது எனக்கு அந்தப் பத்து நிமிடமும் சேர்ந்ததுதான்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள், இந்தச் சாலையின் மிகப் பழைய சினிமா கட்டடம் நிற்கிறது. வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் 1913-ல் நடத்திய எலெக்ட்ரிக் தியேட்டர். பேசாப்படங்கள் ஓடிய கூடம். இரண்டே ஆண்டில் தபால் துறை அதை வாங்கிவிட்டது. இன்று அங்கே தபால்தலை சேகரிப்பவர்கள் வந்துபோகிறார்கள். பிறகு வந்த பெரிய பெரிய தியேட்டர்கள் மனை விலைக்குப் பலியாக, இந்தச் சின்னக் கட்டடம் அரசுச் சொத்தானதால் பிழைத்தது. மற்றவற்றில் ஒன்றையாவது அப்படி வாங்கி நாடகத்துக்கும் குறும்படத்துக்கும் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

எல்.ஐ.சி., ஸ்பென்சர், ஆயிரம் விளக்கு தாண்டினால் சஃபயர் இருந்த மனை. 1964-லேயே ஒரே கூரையின்கீழ் சஃபயர், எமரால்ட், புளூ டைமண்ட் என மூன்று தியேட்டர்கள். புளூ டைமண்டில் தொடர் காட்சி. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், அடுத்த ஆட்டத்தில் விட்ட பாதியையும் பார்க்கலாம். வெயிலுக்கு ஒதுங்கியவர்களும், கல்லூரிக்கு மட்டம் போட்டவர்களும் ஒரே டிக்கெட்டில் பொழுதைக் கழித்தார்கள். மாலுக்குள் இருக்கும் இன்றைய திரைகளில் அந்தச் சலுகைக்கு இடமேயில்லை.

அடுத்தது அண்ணா மேம்பாலம். பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரில் டிக்கெட் கேட்பவர் குறைவு. வாசனின் ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ வருஷம் ஆகியும் "ஜெமினி ஒண்ணு குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். தேனாம்பேட்டையில் மெல்லிசைக் கச்சேரிகளும் நாடகங்களும் நடந்த காமராஜர் அரங்கம் வருகிறது. அதற்கப்புறம் நந்தனம், சைதாப்பேட்டை, அடையாற்றுப் பாலம், கிண்டி என்று சாலை கத்திப்பாராவுக்கு விரைகிறது.