சுராங்கனியும் ஒரு ஆமவடையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்கா, பொறுத்துக்கோங்க.

ஊரு சங்கரன்கோவில். வருஷம் 1978 இல்லேன்னா 79. எங்க தெரு முக்குல ஒரு டீக்கடை. கடைக்காரரை எல்லாரும் 'கொழும்பு அண்ணாச்சி'ன்னுதான் கூப்பிடுவாங்க. கொழும்புல ஒரு மளிகைக்கடையில கணக்கு எழுதிட்டிருந்தவர். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊர் திரும்பினவர். கடையில ஒரு பழைய ரேடியோ. இலங்கை வானொலியைத் தவிர வேற எதுவும் அதுல பாடி நான் கேட்டதில்லை. தெக்கத்திக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், நமக்கு சென்னையை விட கொழும்புதான் தெளிவா கேக்கும். கே.எஸ்.ராஜா மூச்சு விடாம பேசுறதுக்குன்னே ஒரு கூட்டம் டீயை ஆற வச்சிட்டு நிக்கும்.

ஒரு நாள் 'சுராங்கனி' ஓடுச்சு. அண்ணாச்சி கரண்டியால பாய்லர்ல தாளம் போட்டுக்கிட்டே, "இது எங்க மனோகரன் பாட்டுடே"ன்னார்.

நான் விடுவேனா? "இல்ல அண்ணாச்சி, இது இளையராஜா பாட்டு. மலேசியா வாசுதேவன் பாடுனது. படம் 'அவர் எனக்கே சொந்தம்'."

பந்தயம் ஒரு ஆமவடை. கடையில இருந்த நாலு பேரும் என் பக்கம். படம் 1977-ல வந்தது, எல்லாரும் பாத்திருந்தாங்க. அண்ணாச்சி ஒண்ணும் பேசாம வடையை எடுத்துக் குடுத்தார். நானும் வெக்கமே இல்லாம தின்னேன். படத்தோட பேரை இப்ப நெனச்சா சிரிப்பா வருது :-)

விஷயம் தெரிய எனக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்தப் பாட்டைப் படத்துக்கு முன்னாடியே தமிழும் சிங்களமும் கலந்து பாடிப் பரப்பினவர் ஏ.ஈ.மனோகரன். நம்ம ஊர்ல 'சிலோன் மனோகர்', சினிமாவுல அடியாள் வேஷத்துல வருவாரே, அவரேதான். அங்க அவருக்கு 'பொப்பிசைச் சக்கரவர்த்தி'ன்னு பட்டம். (அவங்களுக்கு பாப் இல்லை, பொப்.)

அவர் தனி ஆளும் இல்லை. 1960களின் கடைசியில இருந்தே அங்க ஒரு கூட்டம் கிடாரைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பியிருக்கு. நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யும் அவரோடதுதான். குடிக்காதேன்னு சொல்ற பாட்டை நம்ம ஊர்ல குடிச்சவங்கதான் அதிகமா பாடினாங்க! திருகோணமலையில பரமேஷ், கோணேஷ்னு அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு இசைக்குழு. இவங்க யாருக்கும் கதாநாயகனோ கதாநாயகியோ தேவைப்படலை. சினிமாவை நம்பாம, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ்ல கேலியும் கிண்டலுமா பாட்டு கட்டியிருக்காங்க. அந்த நேரத்துல இங்க நமக்கு சினிமாவை விட்டா கச்சேரி, கச்சேரியை விட்டா பக்திப்பாட்டு. இவ்வளவு பெரிய தமிழ்நாட்டுக்கு அது ஏன் தோணலைங்கிற கேள்வி எனக்கு இன்னும் இருக்கு.

தாளமும் அவங்களுக்கே சொந்தம்னு சொல்லிட முடியாது. அது பைலா. போர்த்துக்கீசர் காலத்துல வந்து, அவங்க கூட்டிட்டு வந்த ஆப்பிரிக்கக் காப்பிரிகள் கையில வளர்ந்து, வாலி பாஸ்டியன்னு ஒரு போலீஸ்காரர் மூலமா சிங்களத்துல ஊர் முழுக்கப் பரவினது. அதனால இளையராஜா எடுத்தது தப்புன்னு சண்டைக்கு வரலை. அந்தக் கூட்டத்துல ஒருத்தர் பேரு கூட நமக்குத் தெரியாமப் போச்சேங்கிறதுதான் என் வருத்தம். அப்புறம் 1983 வந்துச்சு. நித்தி ஆஸ்திரேலியாவுல, பரமேஷ் ஜெர்மனியிலன்னு ஆளாளுக்கு ஒரு திசை. கே.எஸ்.ராஜாவை 1994-ல கொழும்புல கொன்னுட்டாங்க.

மனோகரன் சென்னையில 2018 ஜனவரி 22 அன்னைக்குக் காலமானார். பேப்பர்ல நாலு வரிச் செய்தி. அதுலயும் 'வில்லன் நடிகர்'தான் முதல்ல.

அந்த வருஷம் ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனப்ப அந்த முக்குக்குப் போனேன். அண்ணாச்சி போய்ச் சேர்ந்து ரொம்ப காலம் ஆகுது. இப்ப அவர் மகன் அதே இடத்துல செல்போன் ரீசார்ஜ் கடை வச்சிருக்கார். தயங்கித் தயங்கி வடைக் கதையைச் சொன்னேன்.

"அது நீங்கதானா? அப்பா வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே. 'சின்னப்பய, படத்துப் பேரெல்லாம் கரெக்டா சொல்லுதான், அவன்கிட்டப் போயி என்னத்த பேச'ன்னு."